மறதி தொடாத இடங்கள்

நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர் டேனியல் ஷாக்டர், 1980-களின் தொடக்கத்தில், அல்சைமர் நோயாளி ஒருவரைக் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். அப்போது ஷாக்டர் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். நோயாளி பல ஆண்டுகள் கோல்ஃப் ஆடித் தேர்ந்தவர். சொற்பட்டியலை வாசித்துக் காட்டிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்லும் வழக்கமான சோதனைகளில் அவரால் தேற முடியவில்லை. பழகிய மைதானத்தில் அவர் எப்படி இருப்பார் என்று பார்க்க விரும்பினார் ஷாக்டர். இருவரும் இரண்டு ஆட்டங்கள் ஆடினார்கள்.

பந்து கிடக்கும் தூரத்துக்கு ஏற்ற மட்டையை அவர் சரியாக எடுத்தார். கோல்ஃப் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொற்கள் அவர் வாயில் இயல்பாக வந்தன. ஆட்டத்தின் விதிகளிலும் மரியாதைகளிலும் பிசகவில்லை. ஆனால் ஷாக்டர் ஒன்றைக் கவனித்தார். நோயாளி இரண்டாவதாக அடித்துவிட்டு உடனே நடக்கத் தொடங்கினால், பந்து விழுந்த இடத்துக்கு நேராகப் போய்விடுவார். அவர் முதலில் அடித்து, ஷாக்டர் அடித்து முடிக்கும்வரை நிற்க நேர்ந்தால், தன் பந்து எந்தப் பக்கம் போனது என்பதே தெரியாமல் விழிப்பார். அந்தச் சிறு காத்திருப்புக்குள் அது அழிந்திருக்கும். அடுத்த ஆட்டத்துக்கு வந்தபோது, ஷாக்டருடன் ஏற்கெனவே ஆடியதுகூட அவர் நினைவில் இல்லை.

ஒரே மனிதருக்குள் நெடுநாள் பழக்கம் அப்படியே இருக்கிறது. சற்றுமுன் நடந்தது இல்லை. அல்சைமர் போன்ற நோய்களால் வரும் டிமென்ஷியா என்றதும் நாம் இல்லாமல் போனதைப் பற்றித்தான் பேசுகிறோம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில், குடும்பத்தாரின் கையில் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தார் தினமும் இழப்பைக் கணக்கெடுத்துச் சோர்ந்துபோகிறார்கள். மிச்சம் இருப்பதன் கணக்கும் அவர்களுக்கு வேண்டும். நோயாளியோடு சேர்ந்து வாழும் வழி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

நினைவு ஒன்றல்ல, பல

நினைவு என்பது மூளையின் ஒரே ஒரு திறன் என்ற எண்ணத்தை உடைத்தவர் ஹென்றி மொலைசன். கடுமையான வலிப்பு நோயிலிருந்து அவரைக் காப்பாற்ற, 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவர் மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. அவருக்கு டிமென்ஷியா இல்லை. என்றாலும் டிமென்ஷியாவைப் புரிந்துகொள்ளும் கதவை அவர்தான் திறந்துவைத்தார்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு சோதனை கொடுத்தார். தாளில் ஒரு நட்சத்திரம் வரைந்திருக்கும். தாளையும் தன் கையையும் நேராகப் பார்க்கக் கூடாது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். முதல்முறை யார் செய்தாலும் கை எதிர்ப்பக்கம் ஓடும். மொலைசனுக்கும் ஓடியது. மூன்று நாட்கள் பயிற்சிக்குப் பிறகு அவர் பிழை குறைந்து தெளிவாக வரைந்தார். ஒவ்வொரு நாளும் அந்தத் தாளை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பதாகவே அவர் நினைத்தார். அவருக்குத் தெரியாமலே அவர் கை கற்றிருந்தது.

நடந்ததை நினைவுகூர்வது ஒன்று. உலகத்தைப் பற்றிய பொது அறிவு இன்னொன்று. இந்த இரண்டையும் 1972-இல் பிரித்துக் காட்டினார் உளவியலாளர் எண்டெல் டல்விங். சைக்கிள் ஓட்டுவது, பூத் தொடுப்பது, கோலம் போடுவது போன்ற கைப்பழக்கம் மூன்றாவது. ஹிப்போகாம்பஸைத் தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அனுப்பும் மேசை என்று வைத்துக்கொள்ளலாம். மேசை உடைந்துவிட்டால் இன்று வந்த கடிதங்கள் எங்கும் போய்ச் சேராது. முப்பது வருடத்துக்கு முன் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட கடிதங்களுக்கு உடனடியாக ஒன்றும் ஆகாது. கைப்பழக்கமோ அந்த மேசைக்கே வராமல் வேறு வழியில் போவது: மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்கிலியா, பின்புறம் இருக்கும் சிறுமூளை, அசைவை நடத்தும் புறணிப் பகுதிகள் ஆகியவற்றின் வழியாக.

அல்சைமர் நோய் முதலில் கைவைப்பது அந்த மேசையில்தான். ஜெர்மனியின் ஹைக்கோ பிராக், ஈவா பிராக் இருவரும் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, நோய் பரவும் வரிசையை ஆறு நிலைகளாக 1991-இல் வெளியிட்டார்கள். நரம்பணுக்களுக்குள் டாவ் என்ற புரதம் முறுக்கிக்கொண்டு சிக்கலாகிறது. இந்தச் சிக்கல் ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதியில் தொடங்கி, பிறகு ஹிப்போகாம்பஸுக்கும், அதன்பின் சிந்தனைக்கும் மொழிக்கும் உரிய புறணிப் பகுதிகளுக்கும் பரவுகிறது. பார்வை, தொடுவுணர்வு, கை கால் அசைவு ஆகியவற்றை நேரடியாகக் கவனிக்கும் பகுதிகளை அது கடைசியில்தான் எட்டுகிறது. நேற்று வந்த விருந்தாளியை மறந்தவர் கை நடுங்காமல் காபி ஆற்றுவதன் காரணம் இந்த வரிசையில் இருக்கிறது.

சுழலும் தட்டில் ஒரு புள்ளி

கிராமஃபோன் தட்டு மாதிரி ஒரு தட்டு சுழல்கிறது. அதன் மேல் ஒரு சிறு புள்ளி. கையில் ஒரு கோல். புள்ளி சுற்றச் சுற்ற, கோலின் முனை அதை விட்டு விலகாமல் தொடர வேண்டும். 1986-இல் பால் எஸ்லிங்கரும் அன்டோனியோ டமாசியோவும் அல்சைமர் நோயாளிகளுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தார்கள். சொற்களையும் முகங்களையும் நினைவில் வைக்கத் தடுமாறிய அதே நோயாளிகள், இதில் நலமாக உள்ளவர்களைப் போலவே சுற்றுக்குச் சுற்று முன்னேறினார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து வில்லியம் ஹைண்டலும் சக ஆய்வாளர்களும் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். ஹன்டிங்டன் நோய் பேசல் கேங்கிலியாவைத் தாக்குவது. அந்த நோயாளிகளுக்குச் சுழலும் தட்டுப் பயிற்சி வசப்படவில்லை. ஆனால் முன்பு பார்த்த சொல் தன்னையறியாமல் நாவுக்கு எளிதாக வரும் மறைமுக நினைவு அவர்களிடம் நன்றாக இருந்தது. அல்சைமர் நோயாளிகளிடம் நிலைமை நேர்மாறு. ஒவ்வொரு நோயும் மூளையின் தனித்தனி இடங்களைத் தாக்குவதால், மிஞ்சும் திறன்களும் நோய்க்கு நோய் மாறுகின்றன.

இங்கே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. மிஞ்சியிருப்பது பழைய பழக்கம் மட்டுமல்ல. நோயாளியால் புதிதாகவும் சிலவற்றைக் கற்க முடிகிறது. அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் இதைப் பராமரிப்பு முறையாகவே வளர்த்தார். நோயாளியிடம் ஒரே ஒரு செய்தியைச் சொல்லி, உடனே திருப்பிக் கேட்கிறார்கள். சரியாகச் சொன்னால் சற்று இடைவெளி விட்டு மறுபடி கேட்கிறார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதல் இடைவெளி. பதில் தவறினால் சரியான விடையை உடனே சொல்லிக்கொடுத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புகிறார்கள். “எழுந்திருக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?” “ஊன்றுகோலைப் பிடிக்க வேண்டும்.” இப்படிக் கற்ற பதில் மெல்ல மெல்லப் பழக்கமாகப் படிகிறது. எப்போது, யாரிடம் கற்றோம் என்பது தெரியாமலே கை ஊன்றுகோலைத் தேடுகிறது.

பாட்டு ஏன் தங்குகிறது

டோனி பென்னட் அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகர். 2016-இல் அவருக்கு அல்சைமர் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. 2021 ஆகஸ்டில், 95-ஆம் பிறந்தநாளை ஒட்டி, நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் பாடகி லேடி காகாவுடன் இரண்டு இரவுகள் பாடினார். மேடைக்கு வெளியே அவருக்குப் பல விஷயங்கள் பிடிபடாமல் இருந்தன. இசை தொடங்கியதும் பாடல் வரிகள், தாளம், கேட்பவர்களை நோக்கிக் கையை விரிக்கும் பாங்கு எல்லாம் வந்து சேர்ந்தன. அந்த மேடையில், வெகுநாட்களுக்குப் பிறகு, பென்னட் தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததாக லேடி காகா தொலைக்காட்சிப் பேட்டியில் நெகிழ்ந்து சொன்னார்.

லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இதற்கான விளக்கத்தை 2015-இல் தேடினார்கள். முதலில் 32 இளைஞர்களைச் சக்திவாய்ந்த ஸ்கேன் கருவியில் படுக்க வைத்து, நெடுநாள் கேட்டுப் பழகிய பாடல்களையும் புதிய பாடல்களையும் ஒலிக்கவிட்டார்கள். பழகிய பாட்டை அடையாளம் காணும்போது மூளையின் நடுக்கோட்டை ஒட்டி, முன்பகுதியில் உள்ள இரண்டு இடங்கள் முக்கியப் பங்கு வகிப்பது தெரிந்தது. பிறகு அதே இடங்கள் 20 அல்சைமர் நோயாளிகளின் மூளையில் எந்த நிலையில் உள்ளன என்று பார்த்தார்கள். மற்ற பகுதிகள் சுருங்கியிருக்க, இந்த இடங்கள் மிகக் குறைவாகவே சுருங்கியிருந்தன. அவை சர்க்கரையை எரித்து வேலை செய்யும் வேகமும் பெரிதாகக் குறையவில்லை. நோயின் அடையாளமான அமிலாய்டு புரதம் அங்கும் படிந்துதான் இருந்தது. படிவு வந்துவிட்டது, அதைத் தொடர்ந்து வரும் சேதம் இன்னும் வரவில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பாட்டில் வேறு அனுகூலங்களும் உண்டு. ஒரு வரி அடுத்த வரியைக் கைபிடித்து இழுத்து வருகிறது. தாளம் சொல்லுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. மனப்பாடம் செய்த சுலோகமும் தேவாரமும் துஆவும் ஜெபமும் இந்த வகையைச் சேர்ந்தவையே. மகளின் பெயரைச் சொல்லத் திணறும் அம்மா, முதலடி எடுத்துக் கொடுத்தால் கந்த சஷ்டி கவசத்தைத் தொடர்ந்து சொல்லிப்போவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அது தற்செயலாக நிகழ்வது அன்று. சிறுவயதில் படிந்து, ஆயிரம் முறை நாவில் புரண்ட ஒன்று, ஒரே முறை நடந்த நிகழ்ச்சியைவிட மூளையில் பல மடங்கு ஆழமாக வேர்விட்டிருக்கிறது.

சொல் குறையும், வாக்கியம் நிற்கும்

ஆங்கில நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்கின் கடைசி நாவல் 1995-இல் வெளிவந்தது. அதற்குச் சில காலம் கழித்தே அவருக்கு அல்சைமர் நோய் என்று தெரிந்தது. 2005-இல் பீட்டர் கரார்டும் சக ஆய்வாளர்களும் அந்த நாவலை, அவர் 1954-இல் எழுதிய முதல் நாவலோடும் புகழின் உச்சியில் 1978-இல் எழுதிய நாவலோடும் ஒப்பிட்டார்கள். கடைசி நாவலில் சொற்களின் வகை குறைந்திருந்தது. அரிய சொற்கள் போய், அன்றாடச் சொற்கள் கூடியிருந்தன. ஆனால் வாக்கியங்களின் இலக்கணக் கட்டமைப்பு பெரும்பாலும் மாறாமல் இருந்தது.

வாய்விட்டுப் படிக்கும் திறனும் நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் பொருந்தாத ஆங்கிலச் சொற்களைப் படிக்கச் சொல்லி, நோய்க்கு முன் ஒருவருடைய அறிவுத்திறன் எவ்வளவு இருந்திருக்கும் என்று மதிப்பிடும் சோதனையை 1982-இல் ஹேசல் நெல்சன் வெளியிட்டார். நோயின் தொடக்க, நடு நிலைகளில் படிக்கும் திறன் அவ்வளவாகக் கெடுவதில்லை என்பதே அந்தச் சோதனையின் அடிப்படை. 1990-இல் மிஷேல் பூர்ஷ்வா இதைப் பராமரிப்புக்குக் கொண்டுவந்தார். நோயாளியின் வாழ்க்கையிலிருந்து புகைப்படங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எளிய வாக்கியம் எழுதி, கையடக்கமான சிறு புத்தகமாக்கிக் கொடுத்தார். அதைப் புரட்டிக்கொண்டே பேசியபோது நோயாளிகளின் பேச்சில் சரியான தகவல்கள் கூடின.

இதை எந்த வீட்டிலும் செய்யலாம். “இது என் தம்பி. ரயில்வேயில் வேலை பார்த்தான்.” “இது நாங்கள் கட்டிய வீடு. வாசலில் வேப்பமரம்.” பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வாக்கியம் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படங்கள் மட்டும்.

நிகழ்ச்சி போய்விடும், உணர்ச்சி நிற்கும்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் எடுவார் கிளாபரேட் என்ற மருத்துவர் ஒருமுறை தன் உள்ளங்கையில் குண்டூசியை மறைத்துக்கொண்டு, நினைவு தங்காத பெண் நோயாளி ஒருவரிடம் கை நீட்டினார். ஊசி குத்தியது. சற்று நேரத்தில் அந்தப் பெண் அதை மறந்துவிட்டார். மறுபடி அவர் கை நீட்டியபோது, அந்தப் பெண் தன் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இதை கிளாபரேட் 1911-இல் எழுதினார்.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2014-இல், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்மாரி குஸ்மான்-வேலஸ் குழுவினர் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான திரைப்படக் காட்சிகளையும், வேறொரு வேளையில் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்கள் கழித்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவை அழிந்திருந்தன. ஆனால் சோகம் அழியவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகும், படம் பார்த்ததே நினைவில் இல்லாதவர்களிடம்கூட அந்தத் துயரம் இருந்தது. மகிழ்ச்சியும் நினைவைத் தாண்டி நின்றது, சோகத்தின் அளவுக்கு இல்லாவிட்டாலும்.

இந்த ஆய்வை நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்ல விரும்புகிறேன். “நாம போனதையே மறந்துடப்போறாங்க, எதுக்குப் போய்ப் பார்க்கணும்?” என்று கேட்கிறவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. நீங்கள் வந்தது மறந்துபோகும். வந்ததால் கிடைத்த நிம்மதி அதற்குப் பின்னும் இருக்கும். இதன் மறுபக்கம் கடுமையானது. காலையில் ஒருவர் அதட்டியிருந்தால், அதட்டியது மறந்துபோகும். காரணம் தெரியாத கலக்கம் மட்டும் தங்கும். மத்தியானம் நோயாளி சாப்பிட மறுத்தால், வீட்டார் அதை நோயின் பிடிவாதம் என்று நினைப்பார்கள்.

நோய் மாறினால் மிச்சமும் மாறும்

டிமென்ஷியா ஒரே நோயின் பெயர் அன்று. அதில் அல்சைமர் 60 முதல் 70 விழுக்காடுவரை இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற வகைகளிலும், அல்சைமரின் அரிய வடிவங்களிலும் மிஞ்சுபவை வேறு.

பிரிட்டிஷ் எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டுக்கு 2007-இல் கண்டறியப்பட்டது மூளையின் பின்பகுதியில் தொடங்கும் அல்சைமர் வடிவம். கண் நன்றாக இருந்தும், பார்ப்பதை ஒழுங்குபடுத்தும் திறன் குலைந்தது. தட்டச்சு செய்வது கைவிட்டுப் போனது. கதையும் மொழியும் அவரிடம் இருந்தன. உதவியாளரிடமும் கணினியிடமும் சொல்லச் சொல்ல எழுத வைத்து, 2015-இல் இறக்கும்வரை நாவல்கள் படைத்தார். அவர் எழுதவில்லையே என்று மட்டும் பார்த்திருந்தால், உள்ளே இருந்த கதைசொல்லியை எல்லோரும் இழந்திருப்பார்கள்.

சொற்களின் பொருள் கரைந்துபோகும் வகையில், எண்களைக் கையாளுவதும் படத்துண்டுகளைச் சேர்ப்பதும் நெடுநாள் நிற்கக்கூடும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் தொடக்கத்தில் நினைவு ஓரளவு நன்றாகவே இருக்கும். பிறர் மனம் அறிந்து நடக்கும் பண்புதான் முதலில் போகும். அல்சைமர் நோயாளியிடம் நெடுநாள் தங்கும் “வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா?” என்ற உபசாரம், இவர்களிடம் தொடக்கத்திலேயே மறையலாம். லூயி பாடி வகையில் கவனம் மணிக்கு மணி ஏறி இறங்கும். காலையில் முடியாதது மாலையில் முடியும். ஆகவே எந்த வகை டிமென்ஷியா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பராமரிப்பின் அடிப்படை.

மிச்சம் ஏமாற்றவும் செய்யும்

மிஞ்சிய திறனை அதற்குரிய எல்லையோடு பார்க்க வேண்டும். கிளட்ச்சையும் கியரையும் கால் கைகள் மறப்பதில்லை. குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு முடிவெடுக்கும் வேகமும், போகும் வழியும் மறைந்திருக்கலாம். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும்; பற்றவைத்தது நினைவில் இருக்காது. நன்றாகச் செய்கிறாரே என்று விட்டுவிடுவது இந்த இடங்களில் ஆபத்து.

உபசாரமும் பேச்சுத்திறனும் நோயைத் திரையிட்டு மறைப்பதும் உண்டு. மருத்துவரின் முன்னால் பத்து நிமிடம் சிரித்துப் பேசிவிட்டு வருகிறவரைப் பார்த்து, “வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் உடன் இருப்பவர் கண்டதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்னொன்றும் உண்மை: நோய் முற்றும்போது இந்தத் திறன்களும் ஒவ்வொன்றாகக் குறையும். குறையும்வரை அவை நோயாளியின் வாழ்க்கை. அந்தக் காலம் பல ஆண்டுகளாக இருக்கலாம்.

எதைக் கேட்கிறோம், எதைக் கொடுக்கிறோம்

பிரிட்டனின் உளவியலாளர் டாம் கிட்வுட் 1997-இல் எழுதிய நூலில், டிமென்ஷியாவில் காணும் சரிவு முழுவதையும் மூளைச் சேதத்தின் கணக்கில் எழுத முடியாது என்று வாதிட்டார். வேலையைக் கையிலிருந்து பிடுங்குவது, அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் பேசுவது, குழந்தையைப் போல நடத்துவது எல்லாம் சேர்ந்து ஒருவரைச் சீக்கிரம் ஒடுக்கிவிடுகின்றன என்றார்.

நம் வீடுகளில் இது பாசத்தின் பெயரால் நடக்கிறது. வந்தவரெல்லாம் “பாட்டி, நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?” என்று கேட்கிறார்கள். உடைந்துபோன திறனையே திரும்பத் திரும்பச் சோதித்து, எல்லோர் முன்னாலும் தோற்க வைக்கும் கேள்வி அது. “பாட்டி, நான் செல்வி, உங்க பேத்தி. இந்தப் பூண்டை உரிச்சுத் தர்றீங்களா?” என்றால் பெயர் தெரிந்துவிடுகிறது, கைக்கும் வேலை கிடைக்கிறது. உரித்ததில் பாதி தோலோடு இருந்தால் இருக்கட்டும். நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். தையற்காரராக இருந்தவருக்கு மடிக்கத் துணி, கணக்கராக இருந்தவருக்கு அடுக்கக் காகிதம், விவசாயியாக இருந்தவருக்குத் தொட்டியில் ஈர மண். எதுவாக இருந்தாலும் அது அவர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்.

அதற்கு ஒரு பட்டியல் தேவை. அவருக்கு மனப்பாடமான பாட்டுகள், கையில் ஊறிய வேலைகள், ஆடிய ஆட்டங்கள், சொல்லும் பிரார்த்தனைகள், எதைத் தொட்டால் முகம் மலரும், யார் பேச்சு அவரைக் கலங்க வைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நோயின் தொடக்கத்திலேயே அவரையும் உட்காரவைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. தன்னைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பிறகு அதை மருந்துச் சீட்டோடு சேர்த்து வைத்து, பார்த்துக்கொள்ள வரும் ஒவ்வொருவருக்கும் படிக்கக் கொடுக்க வேண்டும். அவர் நிலை மாற மாற அடித்தும் திருத்தியும் எழுத வேண்டும். டிமென்ஷியாவைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. இந்தப் பட்டியலை எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, இன்றே தொடங்கலாம்.